பழைய பில்களை அழித்தும் டிஸ்க்கில் இடம் வரவில்லையா?

வணக்கம் தம்பி. திருகோணமலைக் கடையில் பில்களைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் 96 சதவீதம் நிரம்பிவிட்டது, இரண்டு வருடப் பில்களை அழித்தும் இடம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அழித்தது வீண் போகவில்லை. மைஎஸ்க்யூஎல்லுக்குள் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி அந்த இடத்தைக் கோப்புக்குள்ளேயே வைத்திருந்து புதிய பில்களுக்குக் கொடுக்கும். டிஸ்க்குக்குத் திருப்பித் தராது.

டேபிளைச் சுருக்கும் ஆப்டிமைஸ் டேபிள் கட்டளையை மட்டும் இப்போதே கொடுத்துவிடாதீர்கள். அது டேபிளை முழுதாக இன்னொரு பிரதி எடுத்துத்தான் சுருக்கும், அதற்கே இடம் வேண்டும். உப்புவெளியில் ஒரு ஹோட்டல் சர்வரில் இப்படிச் செய்து, இரவு பதினொரு மணிக்கு டிஸ்க் முட்டி, ஒரு ரூம் பில்கூட ஏறாமல் நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் டேட்டா ஃபோல்டரில் பின்லாக் (பைனரி லாக், அதாவது டேட்டாவில் செய்த மாற்றங்களின் பதிவு) என்று தொடங்கும் கோப்புகளைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி வரை வளரும், 30 நாள் தங்கும். நீங்கள் அழித்த ஒவ்வொரு பில்லும் அங்கேயும் பதிவாகியிருக்கும், அதனால் இடம் இன்னும் குறைந்தும் இருக்கலாம். கையால் அழிக்க வேண்டாம். வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு, பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளையால் ஒரு வாரத்துக்கு முந்தியதை நீக்குங்கள். ரெப்ளிகா, அதாவது இந்தப் பதிவைப் படித்து அதே டேட்டாவை வைத்திருக்கும் இன்னொரு சர்வர், இருந்தால் அது எதுவரை படித்துவிட்டது என்று பார்த்த பிறகுதான்.

அப்புறம் பின்லாக் தங்கும் காலத்தை 604800 வினாடி, அதாவது ஏழு நாள் ஆக்குங்கள். இடம் வந்ததும், கடை பூட்டிய பிறகு சின்ன டேபிளில் இருந்து ஒவ்வொன்றாக ஆப்டிமைஸ் செய்யலாம். பின்லாக் மொத்தம் எத்தனை ஜிபி என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.