குளத்துக் குப்பை அள்ளும் பிள்ளைக்கு எந்த குரூப்?

அண்ணாச்சி, போன ஞாயிறு கடையை அடைத்துவிட்டு வந்து உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "நயினார்குளத்துல குப்பை அள்ளப் போறா, ஆத்துல கொக்கு எண்ணப் போறா. பத்தாவது முடிச்சாச்சு, சுற்றுச்சூழல்தான் படிப்பேங்கா. அதுல சோறு கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு தாவரவியல், விலங்கியல் குரூப் கேட்கிறாளே, அதைத்தான் நான் தடுக்கச் சொல்வேன். நீங்கள் சொல்கிற கம்ப்யூட்டர் சயின்ஸும் கட்டாயமில்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் இருக்கிறதே, அதை எழுதுங்கள்.

காரணம் நம் நெல்லையிலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், சரக்கு நனைந்தது உங்கள் கடையில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் திணறும்தான். ஆனாலும் தண்ணீர் எந்தத் தெருவில் நின்றது, எதில் நிற்காமல் ஓடியது என்பதற்குக் கணக்கு உண்டு. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய், பழவூரில் பிரியும் பாளையங்கால்வாய், இவற்றின் சரிவு என்ன, எங்கே அடைந்து கிடக்கிறது, எந்தக் குளம் எவ்வளவு பிடிக்கும்? புதிய பஸ் ஸ்டாண்டுக்கு வேய்ந்தான்குளம் என்றே பேர். பேரிலேயே குளம் கிடக்கிறது, பஸ் நிற்கிறது. பருவநிலை, பசுமை நகரம் என்று பெரிய வார்த்தையில் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த வேலையில்தான் வந்து நிற்கும். அதைச் செய்பவர்கள் சிவில் இன்ஜினியரும் நகரத் திட்டமிடுபவரும். இரண்டுக்கும் கணக்கு வேண்டும்.

நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். பேரில் 'சுற்றுச்சூழல்' இருந்த ஒரு தனியார் கல்லூரிப் படிப்புக்கு ஒரு பையனை அனுப்பினேன். முடித்து வந்தவன் விண்ணப்பித்த வேலைகளுக்கெல்லாம் சிவில் பட்டம் கேட்டார்கள். அன்றிலிருந்து படிப்பின் பேரை நான் நம்புவதில்லை.

நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் படித்துவிட்டு, நீர்வளத்திலோ சுற்றுச்சூழலிலோ எம்.இ. போகலாம். வீட்டுச் சாப்பாடு, செலவும் குறைவு. இன்னொன்று நம் பக்கம் அதிகம் பேருக்குத் தெரியாத பி.பிளான், அதாவது திட்டமிடல் பட்டப்படிப்பு, நான்கு வருடம். டெல்லி, போபால், விஜயவாடாவில் மத்திய அரசின் திட்டமிடல் கல்லூரிகள் இருக்கின்றன. ஜேஇஇ மெயின் தேர்வின் இரண்டாம் தாளில் திட்டமிடலுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் இயற்பியல், வேதியியல் கேள்விகள் கிடையாது. பிள்ளையை விஜயவாடா அனுப்புவதா என்று அக்கா முகம் சுருங்கும், தெரியும். இரண்டு வருடம் இருக்கிறது, மெல்லப் பேசிக்கொள்ளலாம்.

படித்தபின்? நகர் ஊரமைப்பு இயக்ககம், மாநகராட்சி, அவர்களுக்குத் திட்டம் தயாரித்துத் தரும் நிறுவனங்கள். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை மாவட்டங்களில் வேலைக்கு அமர்த்துகிறார்கள். ஐடியில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன் வாங்கிய முதல் சம்பளம் இவளுக்கு முதல் சம்பளமாக வராது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மதிப்பெண் சறுக்கினாலும் பாதை உண்டு. எலக்ட்ரிகல் டிப்ளமோ போதும். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் சோலார் செல் தயாரிக்கிறது, பணகுடிப் பக்கம் காற்றாலைகள்.

கொக்கு எண்ணுவதைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் மணிமுத்தாறு மையத்தார் 2011 முதல் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அது. எந்தக் குளத்தில் எத்தனை என்று நேரில் பார்த்துக் குறிக்கிற பழக்கத்தை எந்த டியூஷனும் தராது. அப்புறம், இந்த லீவில் கியூஜிஐஎஸ் பழகட்டும். வரைபட மென்பொருள், இலவசம். சுத்தமல்லியிலிருந்து டவுன் வரை நெல்லைக் கால்வாயோடு நடந்து, சாக்கடை எங்கெங்கே விழுகிறது என்று அதில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தனியாக அனுப்ப வேண்டாம், ஒரு நாள் நீங்களும் கூடப் போங்கள்.

பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கும் முன் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கணக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நானே கேட்கிறேன்.