சிறு வயதிலிருந்தே நிறைய வாசிப்பவர் நாவல் எழுதிவிட முடியுமா?

கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: இருபது வருடமாக விடாமல் படிக்கிறாராம், ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கம் தாண்டுவதில்லையாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது இரண்டு நாவல் முடித்திருக்கிறேன் என்கிற தைரியத்தில் இதைச் சொல்கிறேன்.

நான் படிக்கப் பழகியதே அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுதான். புத்தகம் அவள் கையில் இருக்கும். அவள் பக்கத்தைத் திருப்புவதற்குள் நான் கடைசி வரிக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை போச்சு. அதனால் எனக்கு அசுர வேகம் வந்தது. வர்ணனையைத் தாண்டு, பேச்சைப் பிடி, அடுத்து என்ன ஆச்சு என்று பார். வருடக்கணக்கில் இப்படியே நூற்றுக்கணக்கான நாவல்களை விழுங்கினேன். விழுங்கினேன் என்பது சரியான வார்த்தை, எதையும் மென்றதில்லை.

இது எழுத்துக்கு உதவியதா? பாதி உதவியது. இத்தனை படித்ததில் ஒரு காது வந்துவிட்டது. ஒரு வாக்கியம் நொண்டினால் தெரியும், ஒரு பாத்திரம் பொய்யாகப் பேசினால் தெரியும். ஏன் என்றுதான் சொல்லத் தெரியாது. எழுத உட்கார்ந்ததும் அந்தக் காது முதலில் என் மேலேயே பாய்ந்தது. நான் எழுதியது மட்டம் என்று எனக்கே கேட்டது, அதைச் சரிசெய்யக் கை பழகியிருக்கவில்லை. நிறையப் படித்தவர்கள் இரண்டாம் பக்கத்தில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். படிக்காதவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போவார்.

எப்படியோ 38 வயதில் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது பக்கம் எழுதி ஒரு நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதை எத்தனை பேர் சேர்ந்து எழுதினீங்க?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. முதல் அத்தியாயம் நான் பதினைந்து வயதில் மயங்கிக் கிடந்த ஒருவரின் நடை. இரண்டாவது வேறொருவருடையது. மூன்றாவதில் எல்லோரும் திடீரென்று தத்துவம் பேசினார்கள், அது யாரிடமிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1887இல் வந்த ஒரு கட்டுரையில் இதைப் பற்றிக் கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறார். பிடித்த ஒரு பத்தியைப் படித்தால் உடனே உட்கார்ந்து அதே மாதிரி எழுதிப் பார்ப்பாராம். ஹாஸ்லிட், லாம்ப், டீஃபோ, மாண்டேன் என்று வரிசையாகப் பலரை இப்படிக் காப்பியடித்ததாகச் சொல்லி, தன்னைக் குரங்கு என்றே குறிப்பிடுகிறார். எழுதக் கற்றுக்கொள்ளும் வழியே அதுதான் என்பது அவர் கட்சி. அவர் தெரிந்தே செய்தார், நான் தெரியாமல் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். சரி, நாமும் தெரிந்தே செய்வோம் என்று முடிவு செய்தேன்.

அதற்குக் கைகொடுத்தது அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு வழி. பையனாக இருந்தபோது லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சின்னக் குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் தள்ளி வைத்துவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்து கட்டுரையைத் திரும்ப எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தன் தவறுகளைத் திருத்துவார். அவர் கட்டுரைக்குச் செய்ததை நான் நாவலுக்குச் செய்து பார்த்தேன்.

நான் எடுத்தது ஒன்றரைப் பக்கக் காட்சி. ஒரு பெண்ணுக்குக் கடிதம் வருகிறது, மகன் என்ன விஷயம் என்று கேட்கிறான், அவள் சொல்லவில்லை. ஒன்பது குறிப்பு எழுதி வைத்தேன். நான்கு நாள் கழித்து எழுதினால் மூன்று பக்கம் வந்தது. அவளுக்குத் தொண்டை அடைத்தது, கண் கலங்கியது, பழைய நினைவு ஒன்றும் வந்து போனது. அப்புறம் மூலத்தைத் திறந்தேன். நான்கைந்து முறை படித்த நாவல்தான், ஆனால் அந்தக் காட்சியில் துக்கம் என்ற பொருள்படும் ஒரு சொல்கூட இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். அவள் கடிதத்தை மடிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாக மடித்து உள்ளே வைத்து மூடுகிறாள். கண்ணாடியை எங்கே வைப்பாய் என்று பையன் கேட்கிறான். காட்சி முடிந்தது. அந்தப் பெண் அழுததாகத்தான் இத்தனை வருடமும் எனக்கு ஞாபகம்! அழுதது நான்.

இதுபோல முப்பது காட்சிகளாவது செய்திருப்பேன். அதற்குப் பிறகு தொடங்கிய நாவல்தான் முடிந்தது. நாளுக்கு முந்நூறு சொல், பதினொரு மாதம். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. முதல் வரைவு முடியும்வரை முந்தைய நாள் எழுதியதைத் திரும்பப் படிப்பதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தக் காதை அப்போதைக்கு வெளியே நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். திருத்தும்போது அதுவே உள்ளே வந்து, என்னைவிட நன்றாக வேலை செய்தது.

வாசிப்பு தரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாணவனாக இருந்தபோது காஃப்காவின் 'உருமாற்றம்' கதையின் முதல் வரியை, ஒருவன் காலையில் கண்விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடப்பதை, படித்ததும், இப்படியெல்லாம்கூட எழுத அனுமதி உண்டா என்று திகைத்துப்போனதாக கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் கதை எழுதத் தொடங்கினாராம். அந்த அனுமதி எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. எனக்கு அது ஒரு சுமாரான நாவலில் கிடைத்தது. பாதியில் எரிச்சலாகி, "இந்த இடத்தில் தங்கை திரும்பி வந்திருக்க வேண்டாமா?" என்று பக்க ஓரத்தில் எழுதினேன். என் முதல் நாவல் அந்தத் தங்கையோடுதான் தொடங்குகிறது.

வயதாகிவிட்டதோ என்று ஒரு கேள்வியும் கேட்டவரின் பதிவில் ஓரமாக எட்டிப்பார்க்கிறது. ஆங்கில நாவலாசிரியை பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட் பிறந்தது 1916, முதல் நாவல் வந்தது 1977. இரண்டே வருடத்தில் புக்கர் பரிசும் வாங்கினார்.

ஒரு நஷ்டம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பென்சில் இல்லாமல் படிக்க இப்போது முடிவதில்லை. கதை ஓடும்போதே இதை எப்படிச் செய்தார் என்று மனசு திருகைக் கழற்றத் தொடங்கிவிடுகிறது. போன மாதம் அக்கா ஒரு தடிமனான நாவலைக் கொடுத்தாள். மூன்று இரவில் முடித்துத் திருப்பிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, ஒரு கோடுகூடக் காணோம், பிடிக்கலையா?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், பென்சிலை எடுக்கவே மறந்திருக்கிறேன். நாளைக்கு அதே புத்தகத்தைத் திரும்ப வாங்கி வரப்போகிறேன்.