சென்னாவின் தலைக்கவசம் 40,000 ரூபாய்க்குக் கிடைக்குமா? - வாங்குபவர் கேள்வி-பதில்

சென்ற முறை இணைய ஏலத்தில் பழைய கைக்கடிகாரம் வாங்குவதைப் பற்றி எழுதியபோது, கார்ப் பந்தய நினைவுப்பொருள்களையும் போகிற போக்கில் ஒரு வரியில் தொட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பை நிறைய இருக்கின்றன. பந்தயத் தடம் என்று சொல்ல ஒன்றுமில்லாத நம் நெல்லைச் சீமையில், பந்தய வீரர்களின் தொப்பியும் கையுறையும் இத்தனை வீடுகளின் கண்ணாடி அலமாரிகளில் இருக்கின்றன என்பது எனக்கே புதிய செய்தி. கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரர் அயர்டன் சென்னா 1993ஆம் ஆண்டுப் பந்தயங்களில் அணிந்த தலைக்கவசம் ஏலத்துக்கு வந்திருக்கிறது. கேட்பு 40,000 ரூபாயில் நிற்கிறது. மஞ்சள் நிறம், பச்சை நீலப் பட்டைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. படங்களை இணைத்துள்ளேன். கேட்கலாமா? - பாளையங்கோட்டை

கேட்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், காதுக்குப் பின்னால் இரு பக்கமும் சிறிய உலோகக் குமிழ்கள் தெரிகின்றன. விபத்தில் தலை முன்னோக்கி வீசப்படாமல் இருப்பதற்காக, தோளில் அமரும் ஒரு சட்டத்தோடு தலைக்கவசத்தை வாரால் இணைக்கும் ‘ஹான்ஸ்’ என்ற கருவிக்கான குமிழ்கள் அவை. அந்தக் கருவி ஃபார்முலா ஒன் பந்தயங்களில் கட்டாயமானது 2003இல். சென்னா இமோலா தடத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தது 1994 மே 1 அன்று. பட்டைகளின் நிறம் சரியாக இருப்பதில் வியப்பொன்றும் இல்லை, ஏனெனில் வண்ணம் பூசுபவர்கள் முதலில் பார்த்து எழுதுவது அதைத்தான். குமிழ்களை யாரும் பார்ப்பதில்லை. விலையையும் எண்ணிப் பாருங்கள். அவர் உண்மையாகவே அணிந்த தலைக்கவசம் பல லட்சம் ரூபாய்க்குக் கீழே வந்ததில்லை.

ஏலப் பொருளோடு ‘உண்மைத்தன்மைச் சான்றிதழ்’ தருகிறார்கள். தங்க நிறத்தில் ஹோலோகிராம் ஒட்டியிருக்கிறது. இதற்கு மேல் நாம் என்ன பார்க்க வேண்டும்? - தென்காசி

இந்தக் கேள்விக்காகத்தான் பல ஆண்டுகளாகக் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையாகாது, ஆகவே சற்றுப் பொறுமையோடு படியுங்கள்.

முதலில் என் கதை. ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், சென்னா கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றை இணைய ஏலத்தில் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். கெட்டித் தாளில், பொன்னிற விளிம்போடு, வரிசை எண்ணும் ஹோலோகிராமும் கொண்ட சான்றிதழ் ஒன்றும் உடன் வந்தது. வண்ணார்பேட்டையில் இரண்டையும் சேர்த்துச் சட்டமிட்டு, வருகிறவர்களின் கண்ணில் படும்படி தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே மாட்டினேன். மறு பொங்கலுக்கு வந்த மைத்துனர் மகன், பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவன், பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, பேனா மையில புள்ளி விழாதே” என்றான். படத்தில் உள்ள வானமும் காரும் எந்த அச்சுப் புள்ளிகளால் ஆகியிருந்தனவோ, அதே புள்ளிகளால்தான் அந்தக் கையெழுத்தும் ஆகியிருந்தது. சான்றிதழின் காகிதம் மட்டும் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது.

சான்றிதழ் என்பது ஒருவர் சொல்லும் சொல். சொன்னவர் யார் என்று தெரியாதவரை அதற்கு விலையில்லை. விற்கிறவரே எழுதிக்கொடுத்தால், “என் பொருள் நல்ல பொருள்” என்று அவர் வாயால் சொன்னதைத் தாளில் அச்சடித்திருக்கிறார், அவ்வளவுதான். வேறொருவர் கொடுத்திருந்தால், அவர் கையெழுத்திடும்போது நேரில் நின்று பார்த்தாரா, பின்னர் பொருளை ஆராய்ந்து கருத்துச் சொன்னாரா என்று படித்துப் பாருங்கள், ஏனெனில் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் கையில் இருக்கும் இதே பொருளின் படமும் எண்ணும் அடையாளமும் சான்றிதழில் இல்லையென்றால், அதே தாளை நாளைக்கு வேறொரு தொப்பியோடு சேர்த்தும் விற்கலாம். எண் கொடுத்திருந்தால், வழங்கிய நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே தேடிக் கண்டுபிடித்து அதில் சரிபாருங்கள். சான்றிதழிலேயே அச்சிட்டிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடித்துச் சரிபார்ப்பது, திருடனிடமே சாவி உண்டா என்று கேட்பதற்குச் சமம். ஹோலோகிராம் சுருள் சுருளாக விலைக்குக் கிடைக்கிறது.

பத்தமடையில் பட்டுப்பாய் வாங்குகிறவர் முத்திரையைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை. பாயை விரித்து, துணி போல மடித்து, கோரையின் நெருக்கத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார். அவரே இரவில் கைப்பேசியைத் திறந்து ஏலத்தில் இறங்கியதும் ஹோலோகிராமைக் கண்டு மயங்குகிறார். பந்தய அணிகளே தம் பழைய பாகங்களை எண்ணிட்டு விற்பதுண்டு, அத்தகைய சான்றிதழை அணியிடமே கேட்டு உறுதிசெய்ய முடியும். அதைவிட வலுவான சான்று, பந்தய நாளின் புகைப்படத்தோடு பொருளை ஒப்பிடுவதுதான். ஒட்டுச்சின்னம் எத்தனை சாய்வாகத் தைக்கப்பட்டிருக்கிறது, கீறல் எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் இரண்டிலும் பொருந்தினால், அங்கே சான்றிதழுக்கே வேலையில்லை.

தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் 10 சதவீதம் குறைப்பதாக விற்பவர் சொல்கிறார். - ஆலங்குளம்

அனுப்பாதீர்கள்.

அண்ணாச்சி, 2004இல் ஷூமேக்கர் ஓட்டிய ஃபெராரியின் டயர் என்று வாங்கி, மேலே கண்ணாடி போட்டுத் தேநீர் மேசையாக்கியிருக்கிறேன். பயன்படுத்தாத டயராம், பளபளப்புக்கூடப் போகவில்லை, கோடே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. பக்கவாட்டில் ‘பிரெல்லி’ என்று எழுதியிருக்கிறது. நண்பர் ஒருவர் சந்தேகப்படுகிறார். - வள்ளியூர்

உங்கள் நண்பரை விருந்துக்கு அழைத்துச் சோறு போடுங்கள். 1998 முதல் 2008 வரை ஃபார்முலா ஒன் பந்தயங்களில் உலர்ந்த தடத்துக்கான டயரிலும் வட்டமாகப் பள்ளக்கோடுகள் இருக்க வேண்டும் என்பது விதி. தேய்ந்த டயரில் கோடு மங்கலாம், பயன்படுத்தாத டயரில் எப்படி மங்கும்? மேலும், 2004இல் ஃபெராரி ஓடியது பிரிட்ஜ்ஸ்டோன் டயரில். பிரெல்லி மீண்டும் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது 2011இல்தான். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. 2004ஆம் ஆண்டுக் காரின் ஒரே ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் போதும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட மனமில்லாதவர்கள், கட்டிய பிறகு எனக்கு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பிரெல்லி தன் பந்தய டயர்களை அணிகளுக்கு விற்பதில்லை, பந்தயம் முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறது. ஆகவே அண்மைக்கால ‘பந்தயத்தில் ஓடிய டயர்’ எதைக் கண்டாலும், அது வெளியே வந்த வழியை எழுத்தில் கேளுங்கள். மேசை நன்றாக இருந்தால் மேசையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அஜித் குமார் கையெழுத்திட்ட பந்தயத் தொப்பி, விலை 999 ரூபாய், 200 தொப்பிகள் இருப்பில் உள்ளன என்று போட்டிருக்கிறார்கள். - மேலப்பாளையம்

200 தொப்பியிலும் ஒரே இடத்தில், ஒரே வளைவோடு இருப்பது அச்சு. தொப்பி பிடித்திருந்தால், தொப்பிக்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள்.

என் மகன் ஷூமேக்கரின் பரம ரசிகன். அவன் கல்லூரியில் சேர்ந்ததற்குப் பரிசாக, 2015இல் அவர் கையெழுத்திட்டதாகச் சொன்ன ஃபெராரி தொப்பியை 18,500 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். பெட்டியைத் திறந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. “அம்மா, 2015இல் அவரால் எப்படி?” என்று மட்டும் கேட்டான். எனக்கு அந்தச் செய்தி தெரியாது. விற்பவர் இப்போது பதிலே சொல்வதில்லை. - அம்பாசமுத்திரம்

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை, அம்மா. 2013 டிசம்பர் 29 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விபத்தில் தலையில் பலத்த காயமடைந்த ஷூமேக்கர், அதன் பிறகு பொதுவெளிக்கு வரவில்லை. அதை அறிந்த ஒருவர், அறியாத ஒரு தாயின் ஆசையைப் பார்த்து விற்றிருக்கிறார். பந்தயச் செய்தியை அறிந்திருக்க வேண்டியது விற்றவரின் கடமையே அன்றி உங்களுடையதல்ல. “2015” என்று அவரே எழுதிவைத்திருப்பதால், பொய்யை நிரூபிக்கும் வேலையையும் அவரே முடித்துக்கொடுத்துவிட்டார்.

விளம்பரப் பக்கம் மறைவதற்குள் அதையும், பணம் கட்டிய ரசீதையும், உரையாடல்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், பணம் வருவதற்கான உறுதி எழுத்தில் கிடைக்கும்வரை அனுப்ப வேண்டாம். ஏலத்தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள்: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விற்றவர் வணிகரல்லர், தன் வீட்டுப் பொருளை விற்ற தனியாள் என்று வாதம் வந்தால், ஏமாற்றுதலுக்கான காவல்துறைப் புகார் தனியாக இருக்கிறது, இணைய மோசடிக்கான 1930 என்ற எண்ணும் இருக்கிறது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கியிடம் அந்தப் பணப்பரிமாற்றத்தை மறுத்து எழுதுங்கள், அதற்கான கெடு குறுகியது. முடிவு என்னவாயிற்று என்று எனக்கு எழுத வேண்டும்.

நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக அணிந்த பந்தய உடை என்கிறார்கள். மஞ்சள் நிறம், மார்பில் ஹோண்டா சின்னம், கழுத்துப்பட்டையில் 8856-2018 என்ற எண். தீக்குச்சி காட்டிப் பார்த்தால் தெரியுமாமே? - திசையன்விளை

தீக்குச்சியைக் கீழே வையுங்கள். 8856 என்பது தீத்தாங்கும் உடைக்கான, உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் (எஃப்ஐஏ) தரக்குறியீடு, அதன் பின்னால் இருப்பது அந்தத் தரம் வகுக்கப்பட்ட ஆண்டு. 2005இல் அணிந்த உடையில் 2018 எப்படி ஏறும்? அந்த ஆண்டு ஜோர்டான் காரில் இருந்தது டொயோட்டா எஞ்சின், ஹோண்டாவோடு அந்த அணியின் உறவு 2002இலேயே முடிந்துவிட்டது. அதே 2005இல்தான், டயர்ப் பிரச்சினையால் வெறும் ஆறு கார்களே ஓடிய இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தார். அந்த நாளின் படங்கள் ஏராளமாக இருக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர்க்காரரின் உடைக்கு இப்படியொரு அலட்சியமான போலியைச் செய்தவர், நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்தின் உண்மையை அறிய முடியுமா? - சங்கரன்கோவில்

முழுமையாக முடியாது, ஆனால் பொய்யைப் பெரும்பாலும் அறியலாம். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மார்க்கர் மை பளபளப்பான தாளின் மேல் படிந்து, தாளின் மினுக்கத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும், அச்சு அப்படித் தெரியாது. ஓடுகிற கையின் கோடு தொடக்கத்திலும் முடிவிலும் மெலிந்திருக்கும். பார்த்து வரைந்தவரின் கோடு தயங்கித் தயங்கி, நின்ற இடங்களில் மை தேங்கியிருக்கும். அதே விற்பவர் விற்கும் வேறு இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் ஒத்திருந்தால் விலகிவிடுங்கள், எந்த மனிதரும் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்திடுவதில்லை.

பொருள் கைக்கு வந்த பிறகு, கடைகளில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கைப் பழைய தாளின்மேல் காட்டுங்கள். வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் தாளில் பரவலாகச் சேர்ந்தது 1950களை ஒட்டித்தான் என்பதால், 1930களின் வீரர் நுவோலாரி கையெழுத்திட்ட அக்காலப் படம் என்று விற்றது நீலமாக ஒளிர்ந்தால் அதை நம்ப வேண்டாம். ஒளிரவில்லை என்பதால் மட்டும் உண்மையாகிவிடாது.

நான் விலையை ஏற்றும்போதெல்லாம் ஒருவர் 100 ரூபாய் கூட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். - சேரன்மகாதேவி

அவர் விற்பவரின் மச்சானாக இருக்கக்கூடும். அவர் வேறு யாருடைய ஏலத்திலாவது கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். நானும் ஓர் இரவு 3,000 ரூபாயில் தொடங்கி ஒரு ஜோடிக் கையுறைக்கு 11,000 வரை ஏறியவன். போட்டியாளர் அந்த ஒரு விற்பனையாளரிடம் மட்டுமே ஏலம் கேட்பவர் என்பதை மறுநாள் காலையில்தான் கவனித்தேன். பார்சல் வந்தபோது கையுறைகள் இரண்டும் இடக்கைக்கானவையாக இருந்தன.

என் தாத்தா சோழவரம் பந்தயங்களைப் பார்க்கச் சென்னைக்குப் போவார். அவர் வைத்திருந்த நிகழ்ச்சிப் புத்தகங்களும் நுழைவுச்சீட்டுகளும் கிடைத்துள்ளன. ஓரங்களில் பென்சிலால் நேரக்கணக்குகளைக் கிறுக்கியிருக்கிறார். விற்க நினைக்கிறோம், கிறுக்கலை அழித்துவிடலாமா? - கல்லிடைக்குறிச்சி

ஐயோ, அழித்துவிடாதீர்கள்! போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த அந்தப் பந்தயங்களுக்கு ஒருவர் நேரில் போய், கையில் பென்சிலோடு நின்றார் என்பதற்கு அந்தக் கிறுக்கல்தான் சான்று. எந்தப் பந்தயத்துக்கு யாரோடு போனார், எந்த ரயிலில் போனார் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, அவர்களிடமே கையெழுத்து வாங்கி உடன் வையுங்கள். அவர் அங்கே எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அமிலமில்லாத உறையில் வெயில் படாமல் வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். லேமினேஷன் கடைப் பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.