லாரி இடது பக்கம் திரும்பும்போது பைக்குகள் ஏன் மாட்டிக்கொள்கின்றன?

திரும்பும்போது லாரியின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டும் கூடும். காரணம், ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படுவது முன்சக்கரம்தான். பின்சக்கரம் குறுக்கு வழியில் இழுபட்டு வருகிறது. நீண்ட ஏணியை முன்னும் பின்னுமாக இரண்டு பேர் தூக்கிச் சந்தில் திரும்பினால், முன்னவர் விலகி நடந்தாலும் ஏணியின் நடுப்பகுதி உள்மூலைச் சுவரை உரசும் அல்லவா, அதுபோல.

அதனால்தான் ஓட்டுநர் முதலில் வலது பக்கம் ஒதுங்கி, பிறகு இடது பக்கம் ஒடிக்கிறார். அப்போது இடப்பக்கம் ஓர் இடைவெளி திறக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் எந்நேரமும் ஓடும் ஊர்ச் சாலைகளில், பைக்கில் வருபவர்கள் ‘வழி விடுகிறார்’ என்று அந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள். பின்சக்கரம் வந்து சேரப்போவதும் அங்கேதான். இது எனக்கு உண்மையிலேயே பயம் தரும் காட்சி. இண்டிகேட்டர் போட்ட லாரிக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள்.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான்: லாரிக்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். வளைவுக்கு முன்பே நின்று வழிவிட வேண்டும்.

அப்புறம், உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் லாரிக்காரருக்கு எல்லாம் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள்; தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், ஆனால் அவர் வலது ஓரத்தில் இருப்பதால், இடது கதவை ஒட்டி நிற்கும் பைக் அந்தக் கதவின் உயரத்திலேயே மறைந்துவிடும்.