அந்த கோர்ஸை மட்டும் மனப்பாடம் பண்ணாத தங்கச்சி

"அக்கா, ஓஇடி இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன், நர்ஸ் வேலைக்கு நியூசிலாந்து வரப்போறேன், பேஷன்ட்டோட பண்பாட்ட மதிச்சு நடந்துக்கிறதப் பத்தி கல்ச்சுரல் சேஃப்டினு ஒரு கோர்ஸ் இருக்காமே அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டா போதுமா, வாடகை எவ்வளவு ஆகும், தமிழ்க்கடை இருக்கா, ஏஜென்ட் நாலு லட்சம் கேக்குறாரு குடுக்கலாமா"னு ஒரே மூச்சுல கேட்டிருக்க. வாடகை ஊருக்கு ஊர் மாறும், நெட்ல பாத்துக்க. கடையெல்லாம் இருக்கு, பட்டினி கிடக்க மாட்ட. ஏஜென்ட்டுக்கு ஒத்தப் பைசா குடுக்காத, இங்க நர்ஸுங்களப் பதிவு பண்ற நர்சிங் கவுன்சில் வெப்சைட்ல எல்லாமே இருக்கு, நீயே அப்ளை பண்ணலாம், நான் குடுத்து ஏமாந்த காசுல இங்க ஒரு பழைய காரே வாங்கியிருப்பேன். சரி அத விடு.

அந்த மனப்பாடம் விஷயத்துக்கு வர்றேன். நான் 2011ல வந்தப்ப ஓஸ்கிங்கிற செய்முறைப் பரீட்சை எல்லாம் இல்ல, வெளிநாட்டு நர்ஸுங்களுக்குன்னு இருந்த கேப் கோர்ஸ சில வாரம் படிக்கணும். மதுரைல படிக்கும்போதே டிரான்ஸ்கல்ச்சுரல் நர்சிங்னு அஞ்சு மார்க் கேள்வி வரும், அந்தப் பாடத்த உருவாக்கின லெய்னிங்கர் பேர எழுதி ரெண்டு படம் போட்டா மார்க் விழுந்துரும். அதே கெத்துல இங்கயும் இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளோட வழக்கமெல்லாம் லிஸ்ட்டு போட்டுப் படிச்சேன், நல்ல மார்க்கும் வாங்கினேன்.

முதல் வேலை ஹாமில்டன் ஊருக்கு வெளிய ஒரு ரெஸ்ட் ஹோம்ல, அதாவது முதியோர் இல்லத்துல. எண்பது தாண்டின மாவோரிப் பாட்டி, கால் வீங்கிக் கிடந்தாங்க. ராத்திரி அவசரத்துல தலைமாட்டுல இருந்த தலகாணிய உருவி காலுக்கு முட்டுக் குடுத்தேன், விடியக்காலைல படுக்கை சரி பண்றப்ப அதையே திரும்பத் தலைக்கு வெச்சுட்டேன். பாட்டி ஒண்ணுமே சொல்லல. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க, காலைச் சாப்பாடு அப்படியே இருந்துச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா, "பசியில்லை"னு நோட்ஸ்ல எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் அவங்க மகள் வந்து, சத்தமே போடாம, என்னை உக்கார வெச்சு சொன்னாங்க. அவங்களுக்குத் தலைங்கிறது தபு, புனிதம். காலுக்கு வெச்சது தலைக்கு வரக்கூடாது. இங்க ஆஸ்பத்திரிங்கள்ல தலைக்கு ஒரு கலர் உறை, உடம்புக்கு வேற கலர் உறைன்னு வெக்கிறதே அதுக்குத்தான். நான் பரீட்சைல எழுதின பதிலே அது! கைக்கு மட்டும் தெரியல. புத்தகத்துல கால் பட்டா பதறிப்போய்த் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஆளு நான், எனக்கு அது புரியாம போச்சேன்னு அன்னைக்கு பஸ்ஸுல அழுதுக்கிட்டே போனேன்.

அதனால லிஸ்ட்டுப் படிச்சா போதும்னு நினைக்காத. இந்த கல்ச்சுரல் சேஃப்டிய உருவாக்கினது இரிஹாபெட்டி ராம்ஸ்டன்னு ஒரு மாவோரி நர்ஸ், 1992ல நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்துல சேத்துச்சு, அப்ப பேப்பர், பார்லிமென்ட் வரைக்கும் பெரிய சண்டை, நர்சிங்குக்கு எதுக்கு இதெல்லாம்னு. 2003ல அந்தம்மா போயிட்டாங்க. அவங்க சொன்னது பேஷன்ட்டோட வழக்கத்தைப் பட்டியல் போடுறது இல்ல. மொதல்ல உன்னை நீ பாரு, வார்டுல உன் கைல எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு பாரு, நீ நடந்துக்கிட்டது சரியா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டியது பேஷன்ட், நீ இல்ல. இதைப் படிச்சப்போ எனக்கு ஊர்ல நான் வேலை பாத்த பிரசவ வார்டுதான் ஞாபகம் வந்துச்சு. மலையிலேர்ந்து வந்த பொண்ணுங்க பேச்சக் கேட்டு நாங்க சிரிச்சிருக்கோம், வலியில கத்தினா அதட்டியிருக்கோம். ஒரே மொழி, ஒரே மாநிலம், பாதி பேருக்கு ஒரே சாமி.

பிரசவம்னதும் சொல்லணும். மாவோரி மொழில ஃபெனுவான்னா நிலம், நஞ்சுக்கொடிக்கும் அதே வார்த்தைதான். பிளசென்டாவக் கேட்டு வாங்கிட்டுப் போய் சொந்த மண்ணுல புதைப்பாங்க. என்கூட வேலை பாத்த நம்மாளு ஒருத்தி "ச்சீ"ன்னா. ஏண்டி, உங்க ஆயா கொல்லையில குழி தோண்டிப் புதைச்சதில்லையான்னேன், பேச்சே இல்ல. சாப்பாடு வெக்கிற ஃப்ரிட்ஜுல மட்டும் அதை வெச்சுராத, சாப்பாட்டையும் உடம்புல இருந்து வந்ததையும் அவங்க சேக்க மாட்டாங்க. சாப்பாட்டு மேசையில சீப்பு, பெட்பேன், உன் இடுப்பு எதுவும் வரக்கூடாது. ஆமா, நம்ம பொண்ணுங்க நைட் ட்யூட்டில மேசை மேலதான் ஏறி உக்காருவாங்க.

நம்ம ஆளுங்க இன்னொரு விஷயமும் சொல்லுவாங்க, "அவங்க கூட்டமா வந்துருவாங்க, பத்து பேரு ரூம்ல"ன்னு. மதுரை ஜிஎச் வாசல்ல பாய் விரிச்சுப் படுத்திருக்கிற சனத்தப் பாத்து வளந்தவங்க பேசுற பேச்சா இது? வெள்ளைக்காரங்க ரெண்டு பேரா அமைதியா வர்றதப் பாத்து அதுதான் நாகரிகம்னு நினைச்சுக்கிறது. வந்து ஆறு மாசத்துல மாவோரிகளப் பத்தி ஊர்ல யாரோ சொன்னத வாந்தி எடுக்கிறவங்களோட டீ குடிக்கப் போகாத, அவ்வளவுதான் சொல்லுவேன். ட்யூட்டி மாறி ரிப்போர்ட் குடுக்கும்போது பேஷன்ட் முன்னாடி தமிழ்லயோ மலையாளத்துலயோ பேசிச் சிரிக்கவும் கூடாது, தன்னைத்தான் சொல்றாங்கன்னு அவங்க நினைப்பாங்க, நானும் அந்தத் தப்பப் பண்ணித் திட்டு வாங்கியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் நமக்குச் சுலபம். பேர சரியா சொல்றது. அவங்களுக்கும் குறில் நெடில் இருக்கு, வார்த்தை 'ங'வுல ஆரம்பிக்கும். எங்க பக்கத்துல ஙாருவாவாஹியான்னு ஒரு ஊர், வெள்ளைக்காரங்க நிறைய பேருக்கு அது 'ந'தான் வரும். ஒண்ணாங்கிளாஸ்ல 'ஙப்போல் வளை'ன்னு படிச்ச 'ங'வுக்கு இங்க வந்துதான் வேலை கிடைச்சுது. தலகாணிப் பாட்டிக்கு அந்த ஊர்தான். ரெண்டு வாரம் கழிச்சு நான் ஊர்ப் பேர சொன்னதும் சட்டுனு திரும்பிப் பாத்தாங்க, இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க, அப்புறம்தான் என்கிட்ட பேசவே ஆரம்பிச்சாங்க. உன் மொழில கஷ்டமான எழுத்து எதுன்னு கேட்டாங்க. 'ழ' சொல்லிக் குடுத்தேன். தினமும் மாத்திரை குடுக்கிற நேரம் ஒரு தடவ முயற்சி பண்ணுவாங்க, கடைசி வரைக்கும் 'தமிர்'தான். நம்ம டிவி தொகுப்பாளருங்களுக்கு அது எவ்வளவோ தேவல.