ஊராட்சியிலிருந்து சட்டமன்றத்துக்கு எந்த வழி?

கேள்வி: எங்கள் ஊராட்சி மன்றத் தலைவி பத்தாண்டு நன்றாக வேலை பார்த்தார். சட்டமன்ற சீட் கேட்டால் கட்சியில் யாரும் காதில் வாங்குவதில்லை. 33 சதவீத இடஒதுக்கீடு வந்துவிட்டால் இந்த நிலை தானாக மாறிவிடும்தானே? (வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: மாறாது. இந்த ஒதுக்கீட்டுக்காக 2023-இல் நிறைவேறிய 106-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் முன்நிபந்தனையாக வைத்தே எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தாலும் பெண்ணுக்கென்று ஒதுக்கப்படுவது தொகுதி மட்டுமே. எந்தப் பெண் என்று தீர்மானிப்பது கட்சித் தலைமை. அங்கே உங்கள் தலைவியின் பெயரை எடுத்துச் சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை. அதற்கு முதல் காரணம் அவர் வகித்த பதவியேதான்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி போன்ற பொதுச் சின்னத்தில் நின்று ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அது கட்சிக் கணக்கில் ஏறாது. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். ஒன்றிய வார்டு சுமார் 5,000 மக்கள்தொகைக்கு ஒன்று. மாவட்ட ஊராட்சி வார்டு சுமார் 50,000-க்கு ஒன்று. சட்டமன்றத் தொகுதியிலோ சராசரியாகச் சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர்கள். ஒரே ஊராட்சியில் மூன்றாம் முறையும் தலைவராக நின்றால் பக்கத்து ஒன்றியத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் மாவட்டக் கவுன்சிலர் சீட் கேட்கச் சொல்லுங்கள்.

கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் கானத்தில் ஜமீலா என்பவர் இப்படித்தான் ஏறினார். 1995-இல் தலக்குளத்தூர் ஊராட்சித் தலைவர், 2005-இல் சேளன்னூர் ஒன்றியத் தலைவர், 2010-இலும் 2020-இலும் கோழிக்கோடு மாவட்ட ஊராட்சித் தலைவர், 2021-இல் கொயிலாண்டி எம்எல்ஏ. இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன. அங்கே ஊராட்சி வார்டிலேயே கட்சிச் சின்னம் உண்டு என்பதால் முதல் நாளிலிருந்தே அவர் உழைப்பு கட்சியின் கண்ணில் பட்டது. அப்படிப்பட்ட கேரளத்திலும் 2021-இல் ஜெயித்த பெண்கள் 140-க்கு 11 பேர்தான். நம்மிடம் அதே ஆண்டு 234-க்கு 12; 2016-இல் இருந்த 21-இலிருந்து இறங்கி வந்த எண்ணிக்கை இது. உள்ளாட்சியில் இரு மாநிலங்களிலும் பாதி இடம் பெண்களுக்கு. இந்த இடைவெளி எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அடுத்து, அவர் செய்த வேலைக்கு என்ன சான்று வைத்திருக்கிறார்? ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் முரண்டு பிடித்தால் தூய்மைக் காவலர் சம்பளம்கூட நின்றுபோகும். கெட்ட பெயர் தலைவிக்கு. இன்னொரு பக்கம், அவருடைய டிஜிட்டல் கையொப்பக் கருவி கணவரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ இருந்தால், என்ன பில் போனது என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். தணிக்கைத் தடை (கணக்கின் மீதான ஆட்சேபம்) வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கிராம சபைத் தீர்மானங்கள், வேலை உத்தரவுகள், தணிக்கை அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துச் சொந்தக் கோப்பாக வைத்திருக்க வேண்டும். பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த பிறகு அந்தப் பதிவேடுகள் எளிதில் கைக்கு வராது.

கட்சி நேர்காணலில் கேட்பது பணமும் பூத்தும்தான். ஒரு தொகுதியில் ஏறக்குறைய முந்நூறு வாக்குச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் நம்பி உட்கார வைக்க யார் இருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லத் தெரிய வேண்டும். மகளிர் குழுக் கூட்டமைப்பில் பழகியவர்களுக்கு இந்தப் பட்டியல் தயாரிப்பது கடினமல்ல. கட்சி அதைக் கேட்கும்வரை காத்திராமல் அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

சீட் கிடைத்துவிட்டால் கவனம் காகிதத்தில் இருக்க வேண்டும். வேட்புமனுவுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு. சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாண வாக்குமூலத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதித்தரும் ஏ, பி படிவங்கள் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேராவிட்டால் கட்சிச் சின்னம் கிடைக்காது. செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தோற்ற சோர்வில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், தேர்தல் ஆணையம் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்துவிடுகிறது.