சாரல் ஊரில் மர ஆபீஸ் கட்டிடம்: கேள்வியும் பதிலும்

ஆரியங்காவுக் கணவாயின் இரு பக்கமும் கட்டிட வேலையில் இருக்கிறவர்கள் பல மாடி மர ஆபீஸ் பற்றிக் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

செங்கோட்டை, சிவில் இன்ஜினியர்: அண்ணாச்சி, பத்து மாடி மரத்தில் நிற்குமா?

நிற்கும். பிரிஸ்பேனின் 25 கிங் ஸ்ட்ரீட் 2018-இல் முடிந்த 10 மாடி ஆபீஸ். அடித்தளம் கான்கிரீட், மேலே மரம். நார்வேயின் மியோஸ்டோர்னெட் 18 மாடி, 85.4 மீட்டர். நம்ம பக்கம் கட்டுவதென்றால் தரைத்தளம், லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் கான்கிரீட்டில் இருக்கட்டும். மேல்மாடித் தூணும் உத்தரமும் கிளூலாம், அதாவது பலகைகளை நார் ஒரே திசையில் இருக்க ஒட்டிய மரம். தளம், பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய சி.எல்.டி. தேசியக் கட்டிட விதி 2016-இன்படி 15 மீட்டர் தொட்டாலே உயரக் கட்டிடம். அதனால் தீயணைப்புத் துறையிடம் முதல் வரைபடத்தோடேயே போய்விடுங்கள்.

தென்காசி, கட்டிட ஒப்பந்ததாரர்: தீப்பிடித்தால் விழுந்துவிடாதா?

தடித்த மரம் மேலே கரியாகும், அந்தக் கரியே உள்ளே வெப்பம் போவதைத் தடுக்கும். கிளூலாம் நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கரியும் என்று கணக்கு. 120 நிமிடத்துக்கு 84 மி.மீ., சூட்டில் பலம் இழக்கும் அடுக்குக்கு 7. ஆக, தீ படும் ஒவ்வொரு முகத்திலும் 91 மி.மீ. கழியுங்கள். நாலு பக்கமும் தீ படும் 400 மி.மீ. சதுரத் தூணில் மிஞ்சுவது 218. பரப்பில் 30 சதவீதம்கூட இல்லை! பாரத்தை அந்த மிச்சம்தான் தாங்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இணைப்பில்: வெளியே தெரியும் இரும்புத் தகடு சூடேறி, போல்ட் வழியாக மரத்தை உள்ளிருந்தே கரிக்கும். தகட்டை மரத்துக்குள் புதைத்து, அதே 91 மி.மீ. மூடல் கொடுங்கள். சி.எல்.டி. வாங்கும்போது, தீயில் அடுக்கு கழன்று விழாத பசைக்குச் சோதனைச் சான்று கேளுங்கள். அடுக்கு விழுந்தால் புது மரம் வெளியே வந்து, அடங்கிய தீ மறுபடி கிளம்பும்.

புனலூர், மர அறுப்பு மில்: இங்கே ரப்பர் மரம்தான் மலிவு. தூணுக்கு ஆகுமா, சார்?

தூணுக்கும் உத்தரத்துக்கும் வேண்டாம். அதில் வைரம் பாயாது. மாவுச்சத்து இருப்பதால் நீலக்கறை பிடிக்கும், தூள்வண்டு உளுக்க வைக்கும். அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் உள்தடுப்பு, சீலிங், மேஜைக்கு அருமையான மரம். மழை படும் இடத்தில் போரான் கரைந்து போய்விடும்.

கடையநல்லூர், கட்டிட மேஸ்திரி: தூணுக்கு மேல் தளம், தளத்துக்கு மேல் தூண் என்று அடுக்கினால் என்ன?

நசுங்கும். ஜி.எல்.24 எச் என்ற பலத் தரக் கிளூலாம் நார்வாக்கில் 24 மெகாபாஸ்கல் தாங்கும், குறுக்கே 2.5 மட்டும். ஈரம் 1 சதவீதம் மாறினால் குறுக்கே சுமார் 0.25 சதவீதம் மரம் அசையும். 200 மி.மீ. தளத்தில் 4 சதவீத ஈர மாற்றம் 2 மி.மீ.; பத்து மாடிக்கு 20 மி.மீ. வெளிக் கண்ணாடியும் குழாய் மூட்டும் அதற்கு ஈடுகொடுக்காது. தூண் தலையில் அடுத்த தூண் நேராக இரும்பு இணைப்பில் உட்கார வேண்டும். தளம் பக்கவாட்டில் தொங்கட்டும்.

தென்மலை, ஆர்க்கிடெக்ட்: இங்கே மழையும் கரையானும் விடாதே?

இதுதான் நம்ம ஊரின் உண்மையான கேள்வி. தீயை ஒரு கணக்கில் அடக்கலாம்; தண்ணீர் ஒவ்வொரு மூட்டிலும் வரும். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் என்றால் மரம் 12 சதவீதத்தில் நிற்கும்; 85 என்றால் 18. 20-ஐத் தாண்டி நாளாக நின்றால் பூஞ்சை. செங்கோட்டைப் பக்கம் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. ஆகவே மரத்தை நிறுத்தும் வேலை தை முதல் சித்திரைக்குள் முடிந்து கூரை ஏறிவிட வேண்டும். பலகை வரும்போதே வெட்டு முனைகளில் மெழுகுப்பூச்சு, மேலே தண்ணீர் புகாதபடி ஒட்டும் மெம்பிரேன், மூட்டுகளில் டேப். மரத்தளத்தின் மேல் கான்கிரீட் டாப்பிங் போடும் முன் ஈரம் அளக்கும் ஊசி மீட்டரால் மூட்டோரங்களையும் அடியையும் பாருங்கள். 16 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காத்திருங்கள். மூடிய பிறகு அந்த ஈரத்துக்குப் போக்கிடம் கிடையாது.

குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்தால் இன்னொரு ஆபத்து. அங்கே ஆவித்தடைத் தாளை அறைப்பக்கம் வைப்பார்கள். நமக்கு வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி.; தடை வெளிப்பக்கம்தான் வர வேண்டும். மாற்றி வைத்தால் சுவருக்குள்ளேயே தண்ணீர் வேர்க்கும். ஏ.சி. தண்ணீர்க் குழாய் மரத்தளத்துக்குள் ஓடவே கூடாது.

கரையானுக்கு ஐ.எஸ். 6313 சொல்கிற மண் மருந்து, தரைத்தளக் கான்கிரீட்டுக்கும் முதல் மரத்துக்கும் நடுவே உலோகத் தகடு. குழாய் நுழையும் ஓட்டைகளை மறக்காமல் அடைக்கவும், பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும். தகட்டோரம் வெளியே தெரிய வேண்டும். பிளாஸ்டரால் மூடினால் மண்பாதை கண்ணில் படாது.

தென்காசி, ஏ.சி. வேலை: உத்தரத்தில் டக்டுக்கு ஓட்டை போடலாமா?

வேலை நடக்கும் இடத்தில் வைத்துப் போடாதீர்கள், தம்பி. 9 மீட்டர் உத்தரத்துக்குச் சுமார் 600 மி.மீ. ஆழம் வரும், தாங்கும் முனைக்கு அருகே ஓட்டை போட்டால் நார் பிளக்கும். டக்டை உத்தரத்துக்கு இணையாக ஓட்டும்படி முதலிலேயே வரையுங்கள்.

செங்கோட்டை, கட்டிட உரிமையாளர்: கணவாய்க் காற்றில் ஆடுமா?

சி.எல்.டி. கன மீட்டருக்குச் சுமார் 480 கிலோ, கான்கிரீட் 2,400. எடை குறைவு என்பது நிலநடுக்கத்துக்கு நல்லது, காற்றுக்குப் பாதகம். மியோஸ்டோர்னெட்டில் மேல் ஏழு தளங்களை ஆட்டம் குறைக்கவே கான்கிரீட்டில் போட்டார்கள். காற்றுப் பாரத்துக்கான ஐ.எஸ். 875 பகுதி 3-இன் மேடுபள்ள நில அமைப்புக் காரணியைக் கணவாய்க்கேற்ப எடுங்கள். லிஃப்டும் படிக்கட்டும் அடங்கிய கான்கிரீட் கோர் அடியில் மேல்நோக்கிய இழுவிசை வருகிறதா என்று பார்த்து, வந்தால் நங்கூர போல்ட்டை அதற்குத் தகுந்தபடி போடுங்கள்.